திங்கட்கிழமைகளில் எழும்பாத கார்

உங்கள் அம்மாவுக்கு ரொறொன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரத்தில் வேலை கிடைத்த பனிக்காலத்தில் எங்களிடம் ஒரே ஒரு கார் இருந்தது. பதினாறு வயதுக் கார், சாம்பல் நிறம், ஜப்பான்காரன் செய்தது. எனக்கு முன் இரண்டு பேர் ஓடித் தேய்த்துவிட்டு விற்றது. உங்களில் மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது, இளையவனுக்கு நாலு. பின் ஸீற்றில் இருந்துகொண்டு கண்ணாடியில் மூச்சு விட்டுப் படம் கீறியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காருக்குள் நானும் அம்மாவும் கண்டது உங்களுக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

அம்மாவின் வேலை, வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில். காலை ஆறரைக்குத் தொடங்கும். இரவு முழுதும் விழித்திருந்த ஆள் அம்மா போய்ப் பொறுப்பெடுத்தால்தான் வீட்டுக்குப் போகலாம். ஆகவே அங்கே பிந்துவது சின்ன விசயம் இல்லை. முதல் மூன்று மாதம் ஆளைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். எங்கள் பக்கத்து முதல் பஸ்ஸைப் பிடித்து இரண்டு இடத்தில் மாறிப் போனால் ஏழு மணி தாண்டிவிடும். எனக்குப் பின்னேர வேலை, நடந்து போகிற தூரம். அதனால் கார் அம்மாவுக்குத்தான். அந்தக் கார் காலையில் எழும்பினால் அம்மாவுக்கு வேலை. எழும்பாவிட்டால் இல்லை.

ஒரு திங்கட்கிழமை அது எழும்பவில்லை. அம்மா காரின் திறப்பைப் போட்டுத் திருப்ப, உள்ளே யாரோ நகத்தால் தட்டுவது போல டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். முன்பக்க விளக்குகள் மஞ்சளாகிச் சிவந்து மங்கின. வெளியே காதை அறுக்கிற குளிர். ரக்சிக்குப் போன் அடித்தோம். பனிக்குள் அது தேடி வந்துசேர, அம்மா நாற்பது நிமிடம் பிந்திவிட்டார்.

அன்று பகல் பொனட்டைத் திறந்து பார்த்தேன். பற்றரியின் இரண்டு முனையிலும் வெள்ளையும் நீலமும் பச்சையுமாக ஏதோ பூத்திருந்தது. உப்புப் போலவும் இருந்தது, கடலுக்கடியில் வளர்கிற முருகைக்கல் போலவும் இருந்தது. தொட்டால் உதிர்ந்தது. அம்மாவின் அப்பச்சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றினேன். அது சீறி நுரைத்து, கொதித்து வழிந்து, அடியில் சாம்பல் நிற ஈயம் பளிச்சென்று தெரிந்தது. நான் அதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். காருக்கு வந்த வருத்தம் இதுதான், சுகப்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று அந்தக் கிழமையே புதுப் பற்றரியும் வாங்கிப் போட்டேன்.

அடுத்த திங்கள் கார் ஒரே சொடுக்கில் எழும்பியது. எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது. அதற்கடுத்த திங்கள் அதே டிக் டிக் டிக்.

அம்மா ஸ்ரியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி முன்னாலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுப் பற்றரி எண்டியள்," என்றார்.

"ஓம்."

"அப்ப இது ஆரின்ர வேலை?"

நான் ரக்சிக்குப் போன் அடித்தேன். அன்றைக்கு இருபத்தைந்து நிமிடம் பிந்திப் போனார். பின்னேரம் வரும்போது கையில் ஒரு கடிதம். இன்னொரு தடவை பிந்தினால் நிரந்தரமாக்க மாட்டோம் என்று மேற்பார்வையாளர் எழுதியிருந்தார். மரியாதையான இங்கிலீசில்தான் எழுதியிருந்தது. அம்மா அதை மடித்து, சமையலறையில் தொங்கிய தமிழ்க் கலண்டரின் பின்னால் சொருகி வைத்தார். நீங்கள் கண்டு கேட்கக்கூடாது என்று.

வோபர்ன் பக்கம் காரின் மின்சார வேலைகள் மட்டும் பார்க்கிற ஒருவர் இருந்தார். இலங்கையில் கிழக்கு மாகாணத்து முஸ்லிம் ஆள், என்னைவிடப் பத்து வயது கூட. அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நாங்களும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய பட்டறையில் இரண்டு கிழமைக்குக் கார் வைக்க இடம் இல்லை. வைத்தாலும் அம்மா எதில் போவது? போனில் கேட்டதற்கு, கார் ஓடும்போது பற்றரி முனைகளில் எத்தனை வோல்ற் காட்டுது என்று பார்க்கச் சொன்னார். பதினாலுக்கு மேலே காட்டினால் ஓடும்போது நிரம்புகிற வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம். பார்த்தேன். பதினாலு தசம் இரண்டு. அப்படியென்றால் நிற்கும்போதுதான் எங்கேயோ ஒழுகுது, அந்த ஒழுக்கை அம்பியரில் அளந்து பார் என்றார்.

ஒரு சின்ன மீற்றர் வாங்கினேன். சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று, நடுவில் இலக்கம் காட்டுகிற ஒரு கண்ணாடி. வோல்ற்றுக்குச் செய்தது போலவே இதற்கும் இரண்டு வயரையும் பற்றரியின் இரண்டு முனையிலும் வைத்தேன். நீல நிறத்தில் ஒரு பொறி பறந்தது. மீற்றர் செத்துப்போயிற்று. என்னுடைய கை என்னிடம்தான் இருக்கிறதா என்று ஒருக்கால் பார்த்தேன்.

நானா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"வோல்ற் எண்டா எட்டிப் பாக்கிறது, தம்பி. அம்பியர் எண்டா வழியில நிண்டு எண்ணுறது. நீங்க பற்றரிக்குக் குறுக்கால ரோடு போட்டுக் குடுத்திருக்கீங்க. அது ஓடாம என்ன செய்யும்?"

மீற்றரின் வயிற்றுக்குள் ஒரு சின்னப் பியூஸ் இருக்கிறதாம். அதுதான் உயிரைக் கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறது. அவரிடம் போய் ஒரு புதுப் பியூஸ் வாங்கி வந்தேன். எப்படிச் செய்வது என்று ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கீறித் தந்தார். பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்ற வேண்டும். கழற்றிய வயருக்கும் பற்றரிக்கும் நடுவில் மீற்றரை வைக்க வேண்டும். காருக்குள் போகிற மின்சாரம் முழுக்க அந்தச் சின்ன மீற்றருக்குள்ளால்தான் போக வேண்டும். வேறு பாதை இல்லை.

இதற்கிடையில் அம்மா தன் பாட்டில் வேறொரு வேலை செய்தார். அவருடைய இல்லத்தில் ஒவ்வொருவர் கட்டிலிலும் ஒரு ஒற்றைக் கடதாசி தொங்கும். என்ன குடித்தார், எவ்வளவு வெளியே போனது, எத்தனை மணிக்கு நித்திரை என்று மணிக்கணக்காக எழுதியிருக்கும். ஒருவருக்கு ஏலாமல் போனால் டொக்டர் ஆளைப் பார்க்க முன்னம் அந்த ஒற்றையைத்தான் பார்ப்பாராம்.

"உங்கட காருக்கு ஒரு ஒற்றை இருக்கோ?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அன்று எனக்கு லீவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேருமாக மேசையில் இருந்து கலண்டரைப் பிரித்து வைத்தோம், அம்மா ஒரு ஒற்றையும் பேனையும் எடுத்தார். கார் வாங்கின நாளில் இருந்து எழும்பாத நாட்களை ஞாபகப்படுத்தினோம். நாலு தரம் எழும்பவில்லை. நாலும் திங்கட்கிழமை. அதில் இரண்டு திங்கள் அம்மாவுக்கு லீவு நாளாக இருந்ததால் நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் இருந்து வயர் கொழுவி எழுப்பி விட்டார். மற்ற இரண்டும்தான் கடிதத்தில் வந்து நின்றன.

எந்தத் திங்கள் எழும்பியது, எது எழும்பவில்லை என்று திகதியாக எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு கிழமையை ஞாபகம் வைக்க வேறு வழி இருக்கிறது. சமைத்த கறி.

"முதல் பிந்தினது, அண்டைக்கு நண்டுக் குழம்பு மிஞ்சி நான் கட்டிக்கொண்டு போனனான்," என்றார் அம்மா. "அதுக்கு முந்தின ரெண்டுக்கும் அறக்குளா மீன். போன கிழமை விளைமீன்."

"இடையில எழும்பின கிழமை?"

"அது கோயில். மரக்கறி."

அம்மாவின் பேனை நின்றது. அவர் பக்கத்தை முதலில் இருந்து திரும்பப் பார்த்தார். நாங்கள் ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை ஞாயிற்றுக்கிழமைகளில் றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போகிறவர்கள். கோயிலுக்குப் போகிற கிழமை சனிக்கிழமையும் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. மற்றக் கிழமைகளில் சனி பின்னேரம் மீன்கடை, ஞாயிறு முழுக்க வீட்டில் சமையலும் சாப்பாடும், கார் அசையாது. ஒற்றையில் பார்த்தால் கோயிலுக்குப் போன கிழமைகளில் கார் ஒரு நாளும் எங்களைக் கைவிடவில்லை. மீன் தின்ற கிழமைகளில்தான் கைவிட்டிருக்கிறது. நாலுக்கு நாலு.

நான் ஒற்றையை வாங்கி விரலால் தொட்டுத் திரும்ப எண்ணினேன்.

"அப்ப கார் சைவமோ?" என்று பகிடியாகக் கேட்டேன். அம்மா சிரிக்கவில்லை. நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டார்.

நான் அவ்வளவு பக்திமான் இல்லை. கோயில் தூரம், போய்வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிறோம், அதில் பற்றரி நிரம்பியிருக்கும் என்று விளக்கம் சொன்னேன். அதுவும் நியாயம்தான். ஆனால் அந்த ஞாயிறு கோயிலால் வந்து, கார் ஆறினபிறகு, நானா கீறித் தந்தபடி மீற்றரைப் போட்டு அளந்தேன்.

நான் அதிசயித்துப் போனது அப்போதுதான். திறப்பு என்னுடைய சட்டைப்பைக்குள். கதவெல்லாம் பூட்டு. எஞ்சின் குளிர்ந்து கிடக்கிறது. ஆனாலும் மீற்றர் மூன்று அம்பியருக்கு மேலே காட்டியது. நான் பயந்து நானாவுக்குப் போன் அடித்தேன்.

"விடுங்க, தம்பி. அது முழிச்சிருக்கு. இப்பத்தானே வயரைப் பூட்டினீங்க. கதவைத் துறக்க வேணாம், கிட்டப் போய் ஆட்டவும் வேணாம். உறங்கட்டும். உறங்கினாப் பிறகு பாருங்க."

பனிக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருந்தேன். இலக்கம் தானாக இறங்கத் தொடங்கியது. மூன்று சொச்சம் இரண்டாயிற்று. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு யாரோ ஓர் அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் போனது போல ஒன்றுக்குக் கீழே விழுந்தது. பிறகு இன்னொரு அறை. ஒரு வீட்டில் ஆட்கள் ஒவ்வொருவராகப் படுக்கைக்குப் போவதை வெளியே நின்று பார்ப்பது போலத்தான் இருந்தது. நான் வெறும் இரும்பு என்று நினைத்து உதைத்துச் சாத்திய கார் இது. அதற்குள் இத்தனை பேர் விழித்திருந்து, வேலை முடித்து, ஒழுங்காக நித்திரைக்குப் போகிறார்கள். கடைசியில் தசம் பூச்சியம் இரண்டில் வந்து நின்றது. மணிக்கூட்டுக்கும் றேடியோ ஞாபகத்துக்கும் மட்டும் போகிற துளி அது. ஒழுக்கு ஒன்றும் இல்லை. கார் முழுச் சுகம்.

எனக்கு அது சந்தோசமாகவும் இருந்தது, தலையிடியாகவும் இருந்தது. சுகமான கார் ஏன் திங்கட்கிழமை சாகுது? ஓடி நிரம்புவது ஒன்றுதான் காரணம் என்றால், மற்றக் கிழமைகளிலும் இதே துளிதானே போக வேண்டும்? இந்தத் துளியைக் குடித்துப் பற்றரி முடிய ஒரு மாதத்துக்கு மேல் செல்லுமே.

அம்மாவிடம் சொன்னேன். அவர் பிட்டு அவித்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"சுகமா இருக்கிற நாளில டொக்டரிட்டக் கொண்டுபோனா அவர் என்னத்தைக் காணுறது? வருத்தம் வாற நாளில பாருங்கோ."

வருத்தம் வருகிற நாள் எது என்று ஒற்றையில் இருந்தது. அந்த வாரம் மீன் வாரம். அதன் முடிவில் வருகிற திங்கள் அம்மாவுக்கு வேலை நாள். கலண்டருக்குப் பின்னால் கடிதம் இருந்தது. வேண்டாம், இந்தத் தரம் மீன்கடைக்குப் போகாமல் விடுவோம் என்று நான் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. இப்படி எத்தனை கிழமைக்கு ஒளித்துத் திரிவது, ஒருநாளைக்கு நடுத்தெருவில் விடும் என்றார். ஆகவே, காருக்கு வருத்தம் வர வேண்டும் என்பதற்காகவே அந்தச் சனிக்கிழமை நண்டு வாங்கப் போனோம். இப்படி ஒரு காரணத்துக்காக ரொறொன்ரோவில் வேறு யாரும் நண்டு வாங்கியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

வழக்கம் போலவே எல்லாம் செய்தோம். எதையும் மாற்றக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வழக்கமான இடத்தில் நிறுத்தி, நண்டை உள்ளே கொண்டுபோய், டிக்கியைச் சாத்தி, கதவைப் பூட்டினோம். நான் மீற்றரைக் கொழுவினேன். எந்த வயரில் ஒழுகுது என்று அறிய, பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லியிருந்தார் நானா. பியூஸ் பெட்டி ஸ்ரியரிங்குக்குக் கீழே இருப்பதால் சாரதிக் கதவைத் திறந்தே வைக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் கார் உறங்காது. அதனால் கதவு நிலையில் இருக்கிற சின்னப் பொத்தானை ஒரு மரத்துண்டு வைத்து அழுத்தி, ரேப் சுற்றி ஒட்டினேன். கதவு பூட்டித்தான் இருக்கிறது என்று கார் நம்பிவிட்டது. அதை ஏமாற்றியது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

மூன்று சொச்சம். இரண்டு. ஒன்றுக்குக் கீழே. அம்மா குளிர் அங்கிக்கு மேல் கம்பளியும் போர்த்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நீங்கள் இரண்டு பேரும் யன்னலில் மூக்கை நசுக்கிக்கொண்டு நின்றீர்கள்.

தசம் நாலு ஏழு. அங்கேயே நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணித்தியாலம். அசையவில்லை.

எல்லாரும் படுத்துவிட்டார்கள், ஒரு ஆள் மட்டும் விழித்திருக்கிறார்.

"உவர் ஆர்?" என்று அம்மா மீற்றரைப் பார்த்துக் கேட்டார்.

நான் குனிந்து பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினேன். விரல் நுனி மரத்துப் போயிற்று. ஒன்றைப் பிடுங்குவது, அம்மா இலக்கத்தைச் சொல்வது, திரும்பப் போடுவது. "நாலு ஏழு." "நாலு ஏழு." "நாலு ஏழுதான்." ஒன்பதாவதோ பத்தாவதோ, சரியாக ஞாபகம் இல்லை, அதை இழுத்ததும் அம்மா பேசவில்லை. நான் நிமிர்ந்தேன்.

"பூச்சியம் இரண்டு," என்றார் மெதுவாக. நித்திரைகொள்கிற பிள்ளையை எழுப்பக்கூடாது என்பது போல.

பெட்டி மூடியில் பார்த்தேன். அது உள் விளக்குகளுக்கான பியூஸ். திரும்பப் போட்டேன், நாலு ஏழு. பிடுங்கினேன், பூச்சியம் இரண்டு. மறுபடி போட்டேன், நாலு ஏழு. ஆனால் உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. கூரை விளக்கு இருட்டு. கதவு விளக்கு இருட்டு. கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாலும் இருட்டு. எங்களுக்கு முன்னாலே ஒரு விளக்கு எரிகிறது, மீற்றர் சத்தியம் பண்ணுகிறது, எங்களுக்கு அதைக் காண முடியவில்லை.

"டிக்கிக்குள்ள ஒரு லைற் இருக்கெல்லோ?" என்றார் அம்மா.

"இருக்கு. மூடினா அணைஞ்சிடும்."

"அணைஞ்சதை ஆர் பாத்தது?"

நாற்பது வருசமாகக் கார்களுக்குள் ஏறி இறங்குகிற நான், மூடிய டிக்கிக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. யார்தான் பார்த்திருக்கிறார்கள்?

அம்மா தன் கைத்தொலைபேசியை எடுத்து, வீடியோவைப் போட்டு, டிக்கிக்குள் மூலையில் சாய்த்து வைத்தார். நான் மூடியை வழக்கம் போலச் சாத்தினேன். அவர் இருபது வரைக்கும் எண்ணினார். திறந்து எடுத்தோம். இரண்டு பேரும் தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தோம்.

முதலில் வானம். பிறகு என்னுடைய கையும் என் தாடையும். மூடி இறங்க இறங்க வானம் ஒரு கீறலாகிப் போயிற்று. டப் என்று ஒரு சத்தம். இனி இருட்டு என்று காத்திருந்தோம். இருட்டு வரவில்லை. மஞ்சள் வெளிச்சம் அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. உதிரிச் சில்லின் மூடி, பனி வழிக்கிற தூரிகை, மீனுக்காக நான் விரித்திருந்த அரிசிப் பை, அதன் மடிப்பில் ஒட்டியிருந்த ஒற்றை மீன் செதில். செதில் வெள்ளிப் பொட்டு மாதிரி மினுங்கியது. வெளியே இருந்து அம்மாவின் குரல், பன்னிரண்டு, பதின்மூன்று என்று தூரத்தில் கேட்டது. யாருக்காகவும் இல்லாமல், யாரும் பார்க்காமல், வாரக்கணக்காக அந்த அறை இப்படி வெளிச்சமாக இருந்திருக்கிறது. நாங்கள் நித்திரைகொண்ட நேரமெல்லாம். அந்த வீடியோ கன நாள் அம்மாவின் போனில் இருந்தது. நான் அதைப் பல தரம் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

காரணம் அந்த அரிசிப் பைதான். வெறுமையான நாற்பது இறாத்தல் பையை வெட்டி விரித்து, மீன் தண்ணீர் கம்பளத்தில் ஊறாமல் டிக்கியில் போடுவது என்னுடைய வழக்கம். நம்முடைய ஆட்களின் டிக்கிகளில் பாதிக்கு மேல் இப்படி ஒரு பை கிடக்கும். நான் இன்னும் கெட்டித்தனம் செய்திருந்தேன். மீன் தண்ணீர் பூட்டுக்குள் இறங்கித் துருப்பிடிக்கக்கூடாது என்று, பையின் விளிம்பை மடித்து வெளி ஓரத்துக்கு மேலால் விட்டிருந்தேன். பூட்டுக் கொழுக்கி அந்த மடிப்பைக் கடித்துக்கொண்டு பாதியில் நின்றிருக்கிறது. மூடி மூடித்தான் இருந்தது. இழுத்தாலும் திறவாது. ஆனால் பூட்டுக்குள் இருக்கிற சின்ன சுவிச்சு முழுக்கத் திரும்பவில்லை, விளக்கு அணையவில்லை. கிழமை நாட்களில் இரவில் விளக்கு குடித்ததை, அம்மா வேலைக்கு ஓடிய ஓட்டம் திரும்ப நிரப்பியிருக்கிறது. சனி பின்னேரம் தொடங்கித் திங்கள் காலை வரைக்கும் நிரப்ப ஆள் இல்லை. குளிரில் பற்றரிக்கும் பாதிப் பலம்தான். அரை அம்பியர் ஒன்றும் பெரிய மிருகம் இல்லை. முப்பத்தேழு மணித்தியாலம் விடாமல் குடித்தது, அவ்வளவுதான்.

கோயில் கிழமைகளில் ஏன் எழும்பியது என்பதும் அப்போதுதான் வெளித்தது. அர்ச்சனைச் சாமானை, தேங்காய் பழம் பூவை, மீன் பைக்கு மேல் வைக்க முடியுமா? கோயிலுக்குப் போக முன்னம் அம்மா அந்தப் பையை இழுத்தெடுத்துப் பின்வளவில் எறிந்துவிடுவார். டிக்கியைத் துடைத்துவிட்டுத்தான் தட்டு வைப்பார். அடுத்த மீன் நாள் வரைக்கும் பை வெளியேதான் கிடக்கும்.

நான் இதைச் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப பிள்ளையார்தானே," என்றார். இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். மீற்றர் சொன்னதும் உண்மை, அம்மா சொன்னதும் எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை.

பையை எடுத்துவிட்டு மூடியைச் சாத்தினேன். இந்த முறை இரண்டு சத்தம் கேட்டது. டக், டக். முன்னுக்கு நின்ற அம்மா கொஞ்ச நேரத்தில் கையைத் தூக்கி இரண்டு விரல் காட்டினார். பூச்சியம் இரண்டு.

நானாவுக்குச் சொன்னபோது அவர் சிரிக்க ஆரம்பித்தவர் பிறகு நிறுத்தினார். "வயர் நல்லம், தம்பி. ஆள்தான் பிழை," என்றார். ஆனாலும் தன்னுடைய மற்ற வாடிக்கையாளர்களின் டிக்கிகளையும் இனிப் பார்க்க வேண்டும் என்று யோசனையோடு சொன்னார்.

எல்லாம் வெளித்தாலும் திங்கட்கிழமை என்று ஒன்று இருந்ததே. அன்று பின்னேரமே ஒரு மணித்தியாலம் ஓடிப் பற்றரியை நிரப்பிக் கொண்டுவந்து நிறுத்தினேன். அதன் பிறகு யாரும் காரைத் தொடக்கூடாது என்று அம்மா சொன்னார். ஞாயிறு முழுக்க அது பனி மூடிக் கிடந்தது. பத்துத் தரமாவது யன்னலால் பார்த்தேன். மூடிய டிக்கிக்குள் இப்போது இருட்டுத்தானா என்று எனக்கு ஒரே யோசனை. நண்டுக் குழம்பு எனக்கு இறங்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் என் பங்கையும் சாப்பிட்டீர்கள்.

திங்கள் காலை நான் முன்னமே இறங்கிப் பார்க்கிறேன் என்றேன். எழும்பாவிட்டால் ரக்சிக்கு நேரம் இருக்குமே. அம்மா திறப்பைத் தரவில்லை.

"என்ர வேலை. நான்தான் திருப்புவன்."

ஐந்து மணிக்கு இரண்டு பேரும் வெளியே வந்தோம். மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டியது. அம்மா ஏறியிருந்தார். கதவைச் சாத்தவில்லை. திறப்பைப் போட்டுவிட்டு ஒரு கணம் அப்படியே இருந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருப்பினார். எஞ்சின் ஒருக்கால் முனகியது, இரண்டாவது முனகலில் பிடித்தது. முன்விளக்கு வெள்ளையாக அடித்து, எதிர்வீட்டு மதில் முழுக்கப் பகலாயிற்று. அம்மா என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் இருந்த பனியை வழிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் ஓடி ஓடி வழித்தேன். கார் தெரு முடக்கில் திரும்பும்வரை நின்றேன். உள்ளே வந்து தேத்தண்ணி வைத்தேன், குடிக்க மறந்துபோனேன்.

ஆறு மணி ஆக முன்னமே போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

"வந்திட்டன்," என்றார் அம்மா. "இன்னும் முப்பத்தைஞ்சு நிமிசம் கிடக்கு."

"அப்ப ஏன் உள்ளுக்குப் போகேல்லை? குளிருக்க ஏன் இருக்கிறீர்?"

பின்னாலே ஹீற்றர் மட்டும் இரைந்தது.

"நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப ஸ்ராட் பண்ணிப் பாத்தனான். பிடிச்சது. இன்னும் ஒருக்காப் பாத்திட்டுப் போறன்."